பேப்பரில் வராத வரிகள்

செஞ்சி, இன்று: பஜார் சைக்கிள் கடைப் பூனை மூன்று குட்டிகள் ஈன்றது. தாயும் சேய்களும் நலம். பழைய டயருக்குள் குடியிருப்பு. - நமது நிருபர்.

அண்ணே, இதைப் படித்தால் சிரிப்பீர்கள். இன்றைக்கு என் சைக்கிள் பஞ்சர். உங்கள் கடையை இப்போது நடத்தும் உங்கள் மச்சான் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனைக்கு எனக்குத் தபால் உறைதான் நினைவு வந்தது. மெட்ராஸ் பேப்பருக்கு ஊர்ச் செய்தி அனுப்பும் உறையைப் பஞ்சர் சொல்யூஷனால் ஒட்டிய ஒரே நிருபர் நீங்கள்தான்.

"நிருபர்னா நிரூபிக்கணும். நீங்க இன்னா, ஒட்டிக்கினே இருக்கீங்க?" என்பேன்.

"ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான்டா ரெண்டுலயும் வேலை" என்பீர்கள்.

டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிப்பவன் நான். அச்சில் இல்லாததையும் சேர்த்துப் படிப்பேன். மலைக்கோட்டை உச்சிக்கு பஸ் விடப்போவதாகப் படித்து, வல்லத்துக்காரர் ஒருவரை டிக்கெட் விலை விசாரிக்க வைத்தேன். நீங்கள் தலையில் தட்டினீர்கள். "நான் எழுதறதையே அங்க பாதி வெட்டிடறான். நீ வேற இல்லாதத படிக்கிற." மெட்ராஸில் இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்களாம்.

மேல்மலையனூர்க் கோயிலில் அமாவாசைக் கூட்டம் கலைந்ததும் அந்தப் பக்கம் காலரா என்று பேச்சு வந்தது. "காலர் வச்ச சட்டைக்காரனுக்குத்தான் காலரா" என்றேன். கடையே சிரித்தது. நீங்கள் சிரிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்து வந்து எழுதினீர்கள். செஞ்சியில் இதுவரை சாவு இல்லை என்பது முதல் வரி. கிராமங்களில் நோய் பரவுகிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்பது அதற்குக் கீழே. "பயமுறுத்தறத மேல வச்சா ஜனங்க மிரண்டுடும்" என்று சொல்லி உறையை ஒட்டினீர்கள்.

மாலை பஸ்ஸில் உறை போனது. அன்று இரவே நீங்கள் வாந்தி பேதியில் படுத்துவிட்டீர்கள். மறுநாள் சாயங்காலம் உங்களை எரித்துவிட்டு வந்தோம். வயிற்று நோவு என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த காலை பேப்பர் வந்தது. வழக்கம்போல உரக்கப் படித்தேன்: 'செஞ்சியில் சாவு இல்லை. - நமது நிருபர்.' அவ்வளவுதான். கீழே சினிமா விளம்பரம். தாளைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடி முன்பக்கம் பார்த்தேன். முந்தின நாள் என் கண்ணெதிரே எரிந்தவர், செஞ்சியில் சாவு இல்லை என்கிறார்.

எதிரே பஸ் நிலையத்தில் நர்சம்மா முன்னால் ஊசிக்கு நின்ற வரிசை கலையத் தொடங்கியது. "பேப்பர்லயே போட்டுட்டான். கை வீங்கிக்கினா கொல்லையில கல்லக்காயை எவன் புடுங்கறது?" என்றார் சிங்கவரத்து ஆள் ஒருவர்.

"இருங்க, இன்னும் இருக்குது" என்றேன். சினிமா விளம்பரத்தைப் பார்த்தபடியே நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். தண்ணீர், ஊசி, எதையும் விடவில்லை. கடைசியில் நானே ஒரு வரி சேர்த்தேன்: இந்தச் செய்தியை அனுப்பிய நிருபர் காலராவில் இறந்துபோனார்.

சிங்கவரத்து ஆள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பப் போய் வரிசையில் நின்றார். பின்னாலேயே மற்றவர்களும்.

ஊரையே வரிசையில் நிறுத்தினவன் என்று இன்றுவரை மார்தட்டிக்கொள்கிறேன். சுடுகாட்டில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் என்றும் சொல்லிக்கொள்கிறேன். மீதியை நானாகச் சொல்வது உங்களிடம் மட்டும்தான்.

படித்து முடித்ததும் நழுவப் பார்த்தேன். நர்சம்மா வந்து பேப்பரை வாங்கினார். விளம்பரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஊருக்கெல்லாம் படிச்சியே தம்பி, உன் கை எங்க?" என்று காலரைப் பிடித்து இழுத்துப் போனார். ஊசி தோளில் படுவதற்கு முன்பே பஸ் நிலையம் கேட்க அழத் தொடங்கிவிட்டேன். நிறுத்த முடியவில்லை.

ஊசிக்குப் பயந்தவன் என்று பஜாரே கேலி செய்கிறது. நான் மறுக்கவில்லை அண்ணே.