குறையைச் சொல்லி விற்றவளுக்கு

அக்கா,

இன்று காலை பீரோவை நகர்த்திப் பெருக்கியபோது பின்னால், வீடியோ எடுக்க நான் வாங்கிய அந்த வட்ட விளக்கு கிடைத்தது. அதன் தாங்குகாலில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூட முழுதாகப் பிரிக்கப்படவில்லை. ஒரே ஒரு சாயங்காலம் எரிந்த விளக்கு அது. அதை வாங்கி வந்த பெருமையும், அதற்காக உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் சேர்ந்தே ஞாபகம் வர, துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்தவள் நான். பெரிய மருமகளான நீ பத்தாவதோடு படிப்பை முடித்தவள். வீட்டுத் தறிகளில் நெய்து இறங்கும் புடவைகளை மாடி அறையிலிருந்து போனில் நேரலையாகக் காட்டி விற்கலாம் என்பது என் யோசனை. ஆனால் நான் கேமரா முன்னால் நின்றால் செய்தி வாசிப்பதுபோல இருந்தது. நீ வந்து நின்றாய், அன்றோடு நான் போனைப் பிடிக்கிற ஆள் ஆனேன்.

ஒவ்வொரு புடவையைப் பிரித்ததும் முதலில் அதன் குறையைத்தான் சொல்வாய். "இந்தப் பச்ச போன்ல கிளி மாதிரி தெரியுது, நம்பாதீங்கமா, நேர்ல பாசிதான்." "இதோ பாருங்க, பார்டர் சேர்ற எடத்துல ஒரு இழை தப்பியிருக்குது. கட்டினா கொசுவத்துல மறைஞ்சிடும், ஆனா இருக்குது." போனுக்குப் பின்னால் நின்று கையைக் காட்டிக் கெஞ்சுவேன். நீ என்னையும் சேர்த்துக் கிண்டல் செய்வாய்: "எங்க வீட்டு எம்.பி.ஏ. வாய மூடச் சொல்லுது, நீங்க சொல்லுங்க, மூடட்டுமா?" சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பாசிப் பச்சையை நான்கு பேர் கேட்டிருப்பார்கள். நான் படித்த எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு விற்பனை இல்லை.

நம் சண்டையெல்லாம் நேரத்தைப் பற்றித்தான். காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் பேசுவாய். பன்னிரண்டு ஆனதும் யார் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் போனை அணைத்துவிடுவாய். வேலைக்குப் போகும் பெண்கள் சாயங்காலத்துக்கு மேல்தான் போனைப் பார்ப்பார்கள், நாம் கடையைச் சாத்தும் நேரத்தில்தான் ஊரே கடைக்கு வருகிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "வெளக்கு போட்டா பட்டு பொய் சொல்லும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய்.

அதனால்தான் நீ மாகறலுக்கு உன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போன அன்று, உனக்குத் தெரியாமல் அந்த வட்ட விளக்கை வாங்கி வந்து போட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம் அள்ளியது. அடர்ந்த அரக்குப் புடவை ஒன்று அந்த வெளிச்சத்தில் குங்குமமாக ஜொலித்தது. வாலாஜாபாத்திலிருந்து ஓர் அம்மா, மகளுடைய முகூர்த்தத்துக்கு என்று கேட்டு வாங்கினார். பார்சலைப் பிரித்ததும் போன் வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதார்.

ஊரிலிருந்து திரும்பிய நீ, மறுநாளே மூன்று புடவைகளைப் பையில் போட்டுக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினாய். அவர்கள் வீட்டு முற்றத்து வெயிலில் விரித்துக் காட்டி, பிடித்ததைக் கொடுத்துவிட்டு வந்தாய். வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான். "புடவைய விக்கச் சொன்னா வெளிச்சத்த வித்துட்டியேமா." அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் தட்டு வைத்துக் கூப்பிட்டாய். சாப்பிட்டுக்கொண்டே, நிஜமாகவே வெளிச்சத்துக்காகத்தான் சாயங்காலம் வேண்டாம் என்கிறாயா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "வெளிச்சம் பாதிதான். சாயங்காலம் ஆனா எனக்கு கோயிலு, அப்புறம் பஜ்ஜி, அப்புறம் சும்மா நடக்கணும். அதையும் வித்துட்டா நான் எதுக்குமா சம்பாதிக்கிறேன்?" அன்று அதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். நான் வேலை பார்த்த இடத்தில் சாயங்காலம் எப்படியிருக்கும் என்று யாருக்குமே தெரியாது.

இனிமேல் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது, அக்கா. காய்ச்சல் என்று படுத்த நீ எட்டாம் நாள் போய்விட்டாய், ஐந்து மாதம் ஆகிறது. அதை நான் புடவை விற்கும் நம் இணையப் பக்கத்தில் சொல்லவில்லை. 'அக்கா எங்க?' என்று கேட்டவர்களுக்கு ஊருக்குப் போயிருப்பதாகப் போட்டேன். பழைய வீடியோக்களை வெட்டி ஒட்டினேன். பிறகு உன் பெயரிலேயே பதில் எழுத ஆரம்பித்தேன். முகம் போனால் பிராண்டும் போகும் என்பது நான் படித்த பாடம். மூன்று தறியும் அந்தப் பக்கத்தை நம்பித்தான் ஓடுகின்றன. பயந்துவிட்டேன். அந்த வாலாஜாபாத் அம்மா, மகள் உண்டாகியிருக்கிறாள் என்று உனக்கு எழுதினார். 'சூப்பர்மா, மகாலட்சுமியே பொறக்கட்டும்' என்று போட்டு, கீழே 'உங்கள் அக்கா' என்று நானே எழுதினேன்.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். நம் பக்கத்தையும் உன் வீடியோக்களையும் மொத்தமாக விலைக்குக் கேட்டார். ஏ.ஐ.யில் மாதிரிக்கு ஒரு வீடியோ செய்துகொண்டு வந்திருக்கிறேன் என்று மடிக்கணினியைத் திருப்பினார். நீ பேசினாய். உன் குரல், உன் தலையாட்டல், மூக்குத்தியைத் தடவிக்கொள்வதுகூட அப்படியே இருந்தது. வெட்கத்தை விட்டு அழுதேன். நீ தொட்டே பார்க்காத ஒரு ஊதாப் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "இதுல ஒரு கொறையும் இல்லமா, கண்ண மூடிக்கினு வாங்கிக்கோங்க."

அழுகை நின்றுவிட்டது. "இவங்களுக்கு லீவே வேணாம் மேடம், இருபத்திநாலு மணி நேரமும் பேசுவாங்க" என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஐந்து மாதமாக நான் கையால் செய்ததைத்தான் அவர் இயந்திரத்தால் செய்திருந்தார். காபி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் எல்லாருக்கும் சொல்வதற்கு முன்னால் வாலாஜாபாத்துக்குப் போன் செய்தேன். "அக்கா இல்லம்மா. அஞ்சு மாசம் ஆச்சு. உங்களுக்குப் பதில் போட்டதெல்லாம் நான்தான்."

அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். "தெரியும்மா. பொண்ணு உண்டாயிருக்கான்னு சொன்னதுக்கு சூப்பர்னு வந்துது பாரு, அன்னிக்கே புரிஞ்சிபோச்சி. உங்க அக்காவா இருந்தா, படுத்துக்கினே கெடக்காம அவள நடக்கச் சொல்லுன்னு இருக்கும். உன் வாயால வரட்டும்னுதான் காத்துக்கினு இருந்தேன்."

பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து, போனை நிமிர்த்தி வைத்து, முதல் முறையாக நான் முன்னால் வந்து நின்றேன். நீ இல்லை என்று சொன்னேன். ஐந்து மாதம் மறைத்தேன் என்றும் சொன்னேன். சிலர் திட்டினார்கள், நிறையப் பேர் அழுதார்கள், கொஞ்சம் பேர் போயேவிட்டார்கள். உன்னிடம் பூசி மெழுக மாட்டேன், இன்னும் பழைய கூட்டம் திரும்பவில்லை. ஆனால் தறி நிற்கவில்லை, நிற்கவும் விடமாட்டேன். பன்னிரண்டு மணிக்குப் போனை அணைக்கிறேன். சாயங்காலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை, நேற்று கோயில் வரைக்கும் சும்மா நடந்துவிட்டு வந்தேன்.

அன்று நேரலையில் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு புடவையைப் பிரித்தபோது, "முந்தானை ஓரத்துல ஒரு எடத்துல ஜரிகை கொஞ்சம் மங்கலா விழுந்திருக்குது, பாத்துக்கோங்க" என்று என் வாயில் தானாக வந்தது. ஐந்து மாதம் உன் பெயரில் எழுதியும் ஒரு வரிகூட உன்னைப்போல வரவில்லை, அக்கா. நீ இல்லை என்று சொன்ன பிறகுதான் வந்தது.