சோப்பில் தங்கிவிட்ட குமிழிகள்

என் அருமை மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீங்கள் போன பிறகு, அத்தை இப்போதெல்லாம் சோப்பு டிரம்மை என்னை நம்பி விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிறார். உங்கள் மகனுக்குத்தான் இன்னும் பாட்டில் மூடியை ஒழுங்காக மூடத் தெரியவில்லை. என் ஆய்வேட்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கெட்டியான திரவத்தில் குமிழி எப்படி ஏறுகிறது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்ததற்கு, நிஜமாகவே டாக்டர் பட்டம் மாமா!

"குமிழி மேல போறத பாத்துக்கிட்டு இருக்கதுக்கா பட்டம் குடுக்கான்?" என்று கேலி செய்வீர்களே. செய்துவிட்டு, நீங்களும் அரைமணி நேரம் லேப்டாப் முன்னால் நிற்பீர்கள்.

அந்த ஆடித்தபசுத் திருவிழா வாரம் நினைவிருக்கிறதா? பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கலக்கினால், குமிழியெல்லாம் வெளியேற ஒரு நாள் முழுக்க விட்டுத்தான் பாட்டிலில் ஊற்றுவீர்கள். கடைக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். நான்தான் கம்ப்யூட்டரில் ஓட்டிவிட்டு, "ஆறு மணி நேரம் போதும் மாமா" என்றேன். "நெசமாவாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு ஊற்றினீர்கள். மறுவாரம் விசாரித்தபோது, "எல்லாம் நல்லாப் போச்சு" என்றீர்கள்.

போன வாரம் சிவகிரிக்குச் சரக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "இது கழுத்து வரைக்கும் இருக்கு. ஒரு தபசுக்கு வந்ததெல்லாம் ரெண்டு விரக்கடை கொறஞ்சுல்லா கெடந்துச்சு" என்றார்.

நான் கேட்டேன், "மாமா என்ன சொன்னாவ?"

"'கண்ணு மங்கிட்டு வே, அளவு தெரியாம ஊத்திட்டேன்'னாரு பாவம். அம்புட்டையும் மாத்திக் குடுத்தாரு."

கண் மங்கிவிட்டதா, உங்களுக்கா? ஊசியில் நூல் கோக்க அத்தை உங்களைத்தானே கூப்பிடுவார்!

நான் ஓட்டிப் பார்த்தது ரவை அளவுக் குமிழியை. டிரம்மில் கிடந்தவை அதில் பாதி. பாதி அளவுக் குமிழி ஏறுவதற்கு நாலு மடங்கு நேரம் பிடிக்கும். நான் ஆறு மணி நேரம் என்றது உண்மையில் ஒரு முழு நாள். இதைப் படித்தவள் நான், கோட்டை விட்டேன். நிறைந்திருந்த பாட்டில்கள், மிச்சக் குமிழி வெளியேறியதும் இறங்கிவிட்டன.

என்னிடம் ஏன் மாமா மறைத்தீர்கள்? அந்த மாதம்தான் படிப்பே வேண்டாம் என்று மூட்டை கட்டப் பார்த்தேன். இதுவும் தெரிந்திருந்தால் கட்டாயம் விட்டிருப்பேன். அதற்குப் பயந்துதானே? கடை வாசலிலேயே அழுதேன் மாமா. அழுது முடித்தபோது மனசு நிறைந்திருந்தது.

அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, ராயகிரி, கரிவலம் கடைக்காரங்கல்லாம் இன்னும் அவருக்குக் கண்ணு தெரியலன்னுல்லா நெனச்சிட்டு இருக்காங்க!"

கடை கடையாகப் போய்ச் சொல்லுவேன் மாமா, ஒரு கடை விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணுக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்த மருமகள்,
செல்வி