முன்னால் வைத்த ஆப்பு

ஜூன் 1, ஞாயிறு

இன்று பதினோரு பேர் வந்தார்கள். பாறை ஏறும் சங்கத்துக் கடிதத்தில் ‘தன்னார்வலர்கள்’ என்று போட்டிருக்கிறது. அதை எழுத்துக் கூட்டி எழுதுவதற்குள் நான் ஒரு படியே கட்டிவிடுவேன். சும்மா வந்து உழைக்கிறவர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டெய்லர், நர்ஸ், ரிட்டயரான கண்டக்டர் மூன்று பேரும் வாராவாரம் வருகிறார்கள். மற்ற முகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

பாறை ஏற வருகிற கூட்டம் மிதித்து மிதித்துப் பழைய பாதை வாய்க்காலாகிவிட்டது. அதற்குப் பதிலாகக் கல் படி, மொத்தம் முப்பத்தொன்று. குவாரியில் இருபது வருஷம் கல் புரட்டியவள் என்று சொல்லிக்கொடுக்க என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

இன்றைய பாடம் ஆப்பு. கல் ஆடினால் இடுக்கில் சின்னக் கல்லை இறுக்கி அடிக்க வேண்டும், அதுவும் பின்பக்கமிருந்து. முன்னாலிருந்து அடித்தால் பார்க்கக் கச்சிதமாக இருக்கும், நாலு மழையில் கழன்று வந்துவிடும். “நம்ம தொழில்ல ஆப்பு எப்பவும் பின்னாடியிருந்துதான் வைக்கணும். ஆபீஸ்ல வேலை பாத்தவங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல” என்றேன். கண்டக்டர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

மத்தியானம் பதினேழாம் படி. வளைவில் இருக்கிற படி அது. அதன் பின்பக்கம் மட்டும் பள்ளத்தைப் பார்த்து இருக்கும், இரண்டு மாடி ஆழம். ஒரு அடி அகல விளிம்பில் மண்டியிட்டுக் கையை உள்ளே விட வேண்டும். எல்லாரையும் சல்லி அள்ள அனுப்பிவிட்டு நான் மட்டும் —

முன்னாலிருந்து அடித்தேன். மேலே மண்ணை அப்பி மூடினேன்.

ஜூன் 2, திங்கள்

ஏன் அப்படிச் செய்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்த விஷயம்தானே, கேட்பானேன்?

போன மாதம் அதே விளிம்பில் என் காலடியில் ஒரு கல் கழன்றது. செடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டேன். கல் போய் விழுந்த சத்தம் வர ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. யாரும் பார்க்கவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, டீ எங்கே என்று சத்தம் போட்டேன். அன்றிலிருந்து அந்த வளைவை நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. இதோ, பேனா வழுக்குகிறது.

ஜூன் 7, சனி

டெய்லர் பதினேழில் ஏறினார். நின்றார். இறங்கினார். திரும்ப ஏறினார்.

“அக்கா, இது ஆடுது.”

எனக்குத் தெரியாதா? வாய் மட்டும் நிற்கவில்லை. “கல்லு ஆடல டெய்லர். நீங்க நூல் கணக்கா இருக்கீங்க, காத்துல நீங்கதான் ஆடுறீங்க” என்றேன். பத்துப் பேரும் சிரித்தார்கள். கண்டக்டர், அவர் பாக்கெட்டில் ரெண்டு செங்கல் போடலாமா என்று கேட்டார். டெய்லரும் சிரித்தார். அப்புறம் சாயங்காலம் வரை அவர் வாயே திறக்கவில்லை.

எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

ஜூன் 10, செவ்வாய்

மழை.

ஜூன் 11, புதன்

இன்றும் மழை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சொட்டும் அந்த மண்ணைக் கரைக்கிறது.

சங்கத்தோடு பாறை ஏறுகிற என் மகள் சாப்பிடும்போது சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை புதுப் பாதையைத் திறக்கிறார்களாம். நாற்பது பேர் ஏற வருகிறார்கள். கயிற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போவது இவள்தான். “எங்கம்மா கட்டின படி, நான்தான் முதல்ல மிதிப்பேன்னு சொல்லிட்டேன்” என்கிறாள். அவ்வளவு பெருமை. தட்டை அப்படியே தள்ளிவைத்தேன்.

முதுகில் பதினைந்து கிலோ. வளைவில் காலை மாற்றி வைக்கிற இடம் அது. அங்கே கல் புரண்டால் —

வீட்டுக்காரர் பம்பு மெக்கானிக். சத்தத்தை வைத்தே மோட்டாரில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார். “மூணு நாளா என்னை ஒரு வார்த்தை கிண்டல் பண்ணல. உனக்கு என்ன ஆச்சு?” தலைவலி என்றேன்.

ஜூன் 12, வியாழன்

மழை விட்டது. மகளைப் போகாதே என்று சொல்லிவிடலாமா? பாறையில் தேன்கூடு கட்டியிருக்கிறது என்று சொன்னால்? அவள் நிற்பாள். மற்ற முப்பத்தொன்பது பேர்? அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள்.

கண்டக்டரும் நர்ஸும் சங்கத்துத் தாளோடு வீட்டுக்கு வந்தார்கள். திறப்புக்கு முன்னால் ஒவ்வொரு படிக்கும் ‘சரி’ போட்டுக் கொடுக்க வேண்டும். முப்பத்தொன்றுக்கும் போட்டிருந்தார்கள். பதினேழைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கண்டக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ்தான் பதில் சொன்னாள்.

“ஏறிப் பாத்தோம்க்கா. சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஒன்பதாம் படியும் லேசா ஆடுது, போன வாரமே.”

பின்னே ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா டெய்லர் கதிதான் எங்களுக்கும். அதான் பேசாம டிக் போட்டுட்டோம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒன்பது எனக்குத் தெரியவே தெரியாது. இன்னும் எத்தனையோ? கல் ஆடினால் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் இந்த வேலை. அந்த வாயை நான்தான் அடைத்திருக்கிறேன்.

தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலையில் தனியாகப் போனேன். ஒன்பதை இறுக்கினேன், அரை மணி வேலை. மற்றதையும் ஒவ்வொன்றாக ஏறி நின்று பார்த்துக்கொண்டே போனேன். பதினைந்து வரை நடந்தேன். பதினாறுக்குத் தவழ்ந்து போனேன், குழந்தை மாதிரி. என்னை யாராவது பார்த்திருந்தால் ஒரு வருஷத்துக்குச் சொல்லிச் சிரிக்கலாம்.

அப்பிய மண் முழுக்கக் கரைந்திருந்தது. ஆப்பு பல் மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. தொடவில்லை. விளிம்பைப் பார்த்தேன். கால் நகரவில்லை. போ, போடி என்று என்னையே திட்டினேன். நகரவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியாது. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கி வந்தேன்.

என்னால் முடியாது. முடியாதென்று இன்றைக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஜூன் 14, சனி

எல்லாரையும் கீழேயே நிறுத்தினேன். மகளையும் கயிற்றோடு வரச் சொல்லியிருந்தேன். சுற்றி வளைத்துப் பேச நினைத்தேன், வரவில்லை.

“பதினேழு ஆடுது. டெய்லர் சொன்னது சரி. அதுல ஆப்பு முன்னாலருந்து வச்சிருக்கு. வச்சது நான்.”

யாராவது கிண்டல் பண்ணுவார்கள் என்று காத்திருந்தேன். பண்ணியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

“அந்த விளிம்புக்கு எனக்குப் பயம். போன மாசம் விழப் பாத்தேன். சொல்லல.”

மகள் முகத்தை நான் பார்க்கவில்லை. டெய்லர்தான் கையுறையை மாட்டினார். “கயிறு கட்டுங்க. நான் போறேன். ஊசியில நூல் கோக்குற கைதானே, சந்துல போகும்.” மகள் பாறையில் கயிற்றைக் கட்டி, அவர் இடுப்பில் முடிச்சுப் போட்டு, முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். நர்ஸும் கண்டக்டரும் கூடப் பிடித்தார்கள்.

நான் பதினாறில் குப்புறப் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல அவர் செய்தார். முன்னால் இருந்த ஆப்பை இரண்டு விரலால் இழுத்தார். வந்துவிட்டது. விரலால்! சம்மட்டி போட்டு அடித்த ஆப்பு. கல் அப்படியே பள்ளத்துப் பக்கம் ஒரு ஜாண் சரிந்தது. மகள் “அம்மா” என்றாள், மெதுவாக.

ஒன்றரை மணி நேரம் ஆனது. பின்னாலிருந்து மூன்று ஆப்பு. அப்புறம் கண்டக்டர் ஏறிக் குதித்தார், அவர்தான் எங்களில் கனமான ஆள். ஆடவில்லை. இன்னும் இரண்டு தடவை குதிக்கச் சொன்னேன்.

தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

நாற்பது பேர் ஏறினார்கள். நாற்பது பேர் இறங்கினார்கள். நான் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

புது ஆட்கள் ஒன்பது பேர். ஆப்பு ஜோக்கைச் சொன்னேன், சிரித்தார்கள். நான்காம் படியில் ஒரு அம்மா நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, “ஆடுதோ என்னவோ” என்றார். வாய்க்குள் ஒரு பதில் ரெடியாக வந்தது. நல்ல பதில், வீணாய்ப் போனது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆடவில்லை. எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அவரையே இன்னொரு தடவை ஏறி நிற்கச் சொன்னேன்.

சாயங்காலம் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பதினேழு வரை நடந்தே போனேன். கயிற்றை மேலிருந்து பிடித்தது மகள். பின்னால் டெய்லர்.

“அக்கா, ஆடுது.”

கல்லா என்று கேட்டேன், திரும்பாமல்.

“இல்ல. உங்க முட்டி.”

மேலே மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று வாரத்துக்கு அப்புறம்.

“ஆமா டெய்லர், ஆடுது” என்றேன்.