மூடியில் எழுதிய நைஸ்

இன்று மில்லிலிருந்து வந்த மிளகாய்த்தூள் டப்பாவின் மூடியில் சாக்பீஸால் 'நைஸ்' என்று எழுதியிருந்தது. உன் வீட்டுக்காரரின் கையெழுத்து. நீ எழுதியிருந்தால் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்திருக்க மாட்டாய். இரண்டு தும்மல் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

பாகூர் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. பத்தாவதில் ஆங்கிலத்தில் மட்டும் நீ கோட்டைவிட்டாய்; அதோடு கல்யாணம், மாவு மில். நான் அதே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு வில்லியனூரில் டீச்சர் ஆனேன். பல வருடம் கழித்து ஒருநாள் மில்லில் என்னை நிறுத்தினாய்.

"இன்னாடி டீச்சரு, பால்வாடி வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம். பத்தாவது பாஸ் பண்ணிருக்கணுமாம். எனுக்கு வயசு இந்த ஒரு வருசந்தான் தாங்கும். இங்கிலீசு மட்டும் சொல்லிக் குடுடி."

ஞாயிறுதோறும் மில்லுக்கே வந்தேன். பரீட்சைக்குச் சில நாள் முன்பு, 'என் ஊர்' என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி நீட்டினாய். ஏரி நைஸ், வயல் நைஸ், தேர் நைஸ், எங்கள் மில் மாவு நைஸ். மொத்தம் ஏழு. வகுப்பில் செய்வதுபோலவே சிவப்புப் பேனாவால் ஏழையும் அடித்தேன். "ஒண்ணும் தெரியாதவங்கதான் எல்லாத்துக்கும் நைஸ் போடுவாங்க" என்றேன். கரண்டுக்காகக் கேழ்வரகோடு காத்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதனால் நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

ஆங்கிலம் மறுபடியும் போயிற்று, நாலே மார்க்கில். கட்டுரை எழுதவில்லையா என்று கேட்டேன்.

"நம்ம ஊருதான் வந்துச்சு. இன்னா எழுதினாலும் நீ அடிக்கற மாதிரியே இருந்துச்சுடி. வெறுமனே வுட்டுட்டு வந்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே யாருடைய மிளகாயையோ மெஷினில் கொட்டினாய். பால்வாடி வேலை வேறொருத்திக்குப் போயிற்று. உனக்கு வயது தாண்டிவிட்டது.

போன வருடம் நீ மாரடைப்பில் போன பிறகுதான், வேறெதையோ தேடப்போய், பெரிய அகராதி ஒன்றில் நைஸ் என்ற அந்தச் சொல்லைப் பார்த்தேன். லத்தீனில் 'அறியாத' என்ற பொருளில் கிளம்பி, பழைய பிரெஞ்சில் மடத்தனமாகி, ஆங்கிலத்துக்கு வந்து கூச்சம், நுணுக்கம், துல்லியம் என்றெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில்தான் 'நல்லது' ஆகியிருக்கிறது. மாவுக்கு நீ போட்டது அந்த நுணுக்கத்தின் பக்கம்தான். படித்துக்காட்டியிருந்தால், "அப்போ ஒண்ணும் தெரியாதவ யாருடி?" என்று கேட்டிருப்பாய். நான்தான். ஆனால் அகராதி தெரிந்திருந்தாலும் அன்று அடித்திருப்பேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

இப்போதும் பிள்ளைகளின் தாளில் நைஸ் வந்தால் அடிக்கத்தான் செய்கிறேன். ஒரே பக்கத்தில் ஏழு வந்தால் என்ன செய்வது? ஆனால் அடித்த ஒவ்வொன்றின் மேலும், அங்கே என்ன போடலாம் என்று பென்சிலில் எழுதிவிடுகிறேன். ஏரிக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று, தேருக்கு ஒன்று. அடிப்பது ஒரு நொடி, எழுதுவது ஒரு நிமிடம்; அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் 'என் ஊர்' கட்டுரைத் தாள் என் பீரோவில் இருக்கிறது. ஏழு சிவப்புக் கோடுகள். அவற்றுக்கு மேலே நான் ஒன்றும் எழுதவில்லை.