சத்தம் வருகிற கேமரா

குடியாத்தம்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் பரத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், ஒசாகாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று கெங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ புது கேமராவின் பெருமையை ஆரம்பித்துவிடுகிறாய், பிறகு நான் எங்கே பேசுவது. அப்பாவுக்கு விசைத்தறிச் சத்தத்தில் காது இன்னும் மந்தமாகிவிட்டது, வீட்டில் டிவி அலறுகிறது. உன் தங்கை சங்கீதாவுக்கு ஐந்தாம் மாதம், மாங்காய் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். புதுசு வந்துவிட்டது என்பதற்காக உழைக்கிற சாமானை மாற்ற எனக்கு மனம் வராது, அது உனக்கே தெரியும். ஆனால் போன மாதம் நான் படம் எடுக்கப் போன பேரணாம்பட்டுக் கல்யாணத்தில் பெண்ணை அனுப்பிவைக்கும் நேரம், மங்கலான வெளிச்சத்தில் பழைய கேமரா ஃபோகஸ் பிடிக்காமல் திணறி, தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுதது கலங்கலாக வந்தது. அதைத் திரும்ப அழச்சொல்லி எடுக்க முடியுமா? அன்றைக்குத்தான் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். நீ சொன்ன மாடலையே வேலூரில் வாடகைக்கு எடுத்து, ஆம்பூரில் முனவ்வர் பேகம் மகளின் நிக்காவுக்குக் கொண்டுபோனேன்.

பெண்கள் பக்கம் ஆண்கள் கேமராவோடு வர முடியாது, அதனால்தான் அந்த வேலையே எனக்கு வருகிறது. படமெல்லாம் அவ்வளவு தெளிவு, எனக்கே பெருமை தாங்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் காட்டினேன். மணப்பெண்ணின் பெரியம்மா அக்தரி பேகம் எந்தக் கல்யாணத்திலும் படத்தில் வராதவர். இதில் ஒரு படத்தில் முக்காடு நழுவி, வாய்விட்டுச் சிரிக்கிறார். இன்னாம்மா, எப்போ புடிச்சே, சத்தமே வர்லியே என்றார். கோபம்கூட இல்லை பரத், பயந்துபோயிருந்தார். பழைய கேமரா டக்கென்று சத்தம் போட்டால் முக்காட்டை இழுத்துக்கொள்வார்கள், வேண்டாதவர்கள் திரும்பிக்கொள்வார்கள். இத்தனை வருஷம் என்னை நம்புகிறார்கள் என்று நினைத்தேன், அவர்கள் அந்தச் சத்தத்தையும் சேர்த்து நம்பியிருக்கிறார்கள். வாடகைக் கேமராவில் சத்தத்தை அணைத்து வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தப் படத்தை அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், விரல் கொஞ்சம் தயங்கியது என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. இனி அவர்கள் தெருவில் யார் என்னைக் கூப்பிடுவார்கள் என்று நாளெல்லாம் பேஜாராக இருந்தது.

நேற்று அக்தரி பேகமே போன் செய்தார். அவர் வீட்டில் பேத்திக்குக் கல்யாணமாம். நீயே வா, ஆனா சத்தம் போடுறத எடுத்துனு வா என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஆகவே புதுசு வேண்டும்தான், லீவில் வரும்போது வாங்கி வா. அதில் சத்தத்தை வைத்துக்கொள்ளலாமாம், ஆனால் சன்னமாகத்தான் வரும் என்று வேலூர்க் கடைக்காரர் சொல்கிறார். பெண்கள் கூட்டம் பேசுகிற பேச்சில் அது கேட்க வேண்டுமே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, ராத்திரி வெறும் நூடுல்ஸோடு படுக்காதே. அம்மன் அருளால் நோய்நொடி இல்லாமல் இரு. அங்கே கேமரா கடைக்குப் போனதும் எனக்கு போன் போட்டு, போனை விட்டுத் தள்ளி நின்று ஒருமுறை அமுக்கிக் காட்டு. அப்பா எடுத்தால் என்னிடம் கொடுக்கச் சொல். எனக்கு இங்கே கேட்டால் வாங்கு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
யோகலட்சுமி