மார்ச் ஒன்பதாம் தேதி கேக்

அன்பு மகள் வெர்லீனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் தம்பி லெமுவேலும் சுகம், அதாவது எழுந்து நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம். ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்களோ என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது, தம்பி வேறு பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பான், அதனால்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவன் உயிரோடு இருக்கிறான், மணிக்கட்டில்தான் வீக்கம், அதுவும் வடிந்துகொண்டு வருகிறது. இனி பதறாமல் படி.

உன் அம்மா போன பிறகும் அவள் வழக்கத்தை நான் விடவில்லை, உனக்கே தெரியும். ஸ்டேஷனுக்குப் புதுப் போலீஸ்காரர்கள் வந்தால் எலுமிச்சை கேக் செய்து, தம்பிக்கு நல்ல சட்டை போட்டுவிட்டு, கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவாளே. இவன் என் பிள்ளை, ஆள் வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை, அதட்டினால் காதைப் பொத்திக்கொள்வான், சொன்னது உடனே விளங்காது என்பாள். சுட்டுவிடாதீர்கள் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அதைச் சொல்லத்தான் கேக். ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பையன், தம்பியைப் போலவே அறிவு வளராதவன், அடுத்தவர் கொட்டகையில் புகுந்து உட்கார்ந்துகொண்டதற்குப் போலீஸே காரில் ஏற்றி வீட்டில் விட்டுப் போனதாம். அவன் அம்மா கேக் சுமந்து போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. போன இலையுதிர் காலத்தில் நானும் செய்துகொண்டு போனேன், ஒரு பக்கம் அமுங்கிப்போய்விட்டது, உன் அம்மா பார்த்திருந்தால் சிரித்தே என்னைக் கொன்றிருப்பாள். ஹாலரன் என்று ஒரு இளவட்டம், அதையும் ரசித்து ரெண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தம்பிக்குக் கைகொடுத்தார். தம்பி எல்லாரிடமும் கேட்பதுபோல் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டான். மார்ச் ஒன்பது என்றார். அன்றைக்கு நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன், முட்டாள்.

போன வாரம் தம்பி வழக்கம்போல் காலையில் நடக்கப் போனான், வீட்டு எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போவானே, அப்படி. மூலைவீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் கறுப்பன் ஒருத்தன் வீடு வீடாக நோட்டம் விடுகிறான் என்று போலீஸுக்குப் போன் செய்துவிட்டாள். வந்தது அதே ஹாலரன். கத்தினார், இவன் காதைப் பொத்திக்கொண்டான், பனியில் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்து விலங்கு மாட்டிவிட்டார். எதிர்வீட்டு ஈனெஸ் அத்தை தலையில் முடி சுருட்டும் கிளிப்புகளோடு செருப்பில்லாமல் ஓடிவந்து, ஐயோ அது எங்க லெமுவேலுய்யா, சர்ச்சுல நாற்காலி எடுத்துப் போடுற புள்ளய்யா என்று கதறினாளாம். நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே வாசலுக்கு வந்து நின்றது, எல்லாரும் வெறுங்கைதான் என்று போலீஸுக்குத் தெரிகிற மாதிரி கையை வெளியே வைத்துக்கொண்டிருந்தார்கள், குழந்தைகள்கூட. தம்பி பனியில் கன்னத்தை வைத்தபடி, நீங்க மார்ச் ஒம்போது, நீங்க ரெண்டு துண்டு சாப்ட்டீங்க, நீங்க மார்ச் ஒம்போது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆள் என்னை நிமிர்ந்து பார்த்து, நீ யாரு, தள்ளி நில்லு என்றார். அவர் தின்ற கேக்கைச் செய்தவன் நான், வெர்லீன். பிறகு விலங்கைக் கழற்றிவிட்டு, போன்ல சொன்ன அடையாளம் பொருந்திச்சு, என் வேலையத்தான் செஞ்சேன் என்றார். உயரம், கறுப்பு, இதுதான் அடையாளம். நம் தெருவில் அது பொருந்தாத ஆண்பிள்ளை யார் இருக்கிறான்?

பாஸ்டர் சொல்லிப் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரிக்கிறார்களாம். இதற்கு நடுவில் ஈனெஸ் அத்தையின் கார் கொட்டகைப் பூட்டை யாரோ உடைத்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டால், வேலில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கச் சொல்றியா, திருடன் சாமானத்தோட போயிட்டான், இவனுங்க வந்தா உன் புள்ளதான மாட்டுவான் என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான், ஆனால் நாளைக்கு எனக்கு நெஞ்சுவலி வந்து தம்பி உதவிக்குப் போன் செய்தால், யார் வருவார்கள், வந்து அவனை யாராகப் பார்ப்பார்கள்? அவனைத் தனியாக விடுவதே இல்லை. இந்த முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நடக்கிறேன், மெதுவா வாங்கப்பா, எண்ணெல்லாம் ஓடிப்போவாது என்று என்னையே கிண்டல் செய்கிறான். இன்னும் எத்தனை வருஷம் நடப்பேன்? அவனை ஜெர்மனிக்கு அனுப்பச் சொன்னாய், அப்போது கோபப்பட்டேன், இப்போது கோபம் இல்லை, ஆனால் இந்தத் தெருவை விட்டால் அவனுக்கு வேறு உலகம் தெரியாதே அம்மா.

முந்தாநாள் அவரு என்னெ மறந்துட்டாரா என்று கேட்டான். ஆமாம் என்றேன், வேறு என்ன சொல்வது? யோசித்துப் பார்த்துவிட்டு, அப்ப மறுபடி போய் சொல்லணும்ப்பா, கேக் செய்யுங்க, ஒம்போதாம் தேதி வருதில்ல என்றான். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இனி அந்த வாசலை மிதிக்கமாட்டேன், என் பிள்ளையை எத்தனை தடவைதான் நான் அறிமுகம் செய்வது? கடைசியில் ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஒன்பதாம் தேதி கேக் உண்டு, ஆனால் நம் வாசலில், அன்றைக்கு வெளியே வந்து நின்றவர்களுக்கு. சரி என்று தலையாட்டினான், எலுமிச்சம்பழம் வாங்கிவிட்டோம். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான். ரெண்டு துண்டு மூடி எடுத்து வைக்க வேண்டுமாம், அவர் வந்தால் கொடுக்க. அந்த ஆள் வந்துவிடக் கூடாதே என்று நான் ஆண்டவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

ஷூ மாட்டிக்கொண்டு கதவருகில் நிற்கிறான், நான் போக வேண்டும். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் கண்மணிபோல் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அவனிடம் பேசும்போது அழாதே.

என்றும் உன் அப்பா,
அமோஸ் டில்லார்ட்