ஓடையில் போன மூட்டை

காஜா பெராங், மலாக்கா
24.11.1957

அன்பு மகள் கமலவேணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் அப்பா உனக்கு எழுதிய கடிதம் வந்திருக்கும், நான் ஆற்றோடு போய்விடப் பார்த்தேன் என்று எழுதியிருப்பார். போகப் பார்த்தது நானில்லை, அடுத்த வீட்டு ருக்மணி.

தீபாவளிக்குப் பிறகு மழை விடவே இல்லை. மரத்துப் பட்டை ஈரமாக இருப்பதால் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுபோய், அப்பா வேலை பார்க்கும் ரப்பர் கிடங்கையும் பூட்டிவிட்டார்கள். மழையானாலும் காடு கொடுப்பதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் நானும் ருக்மணியும் மீன் விற்கும் காதர் மைதீனின் தங்கை அஸ்மாவும் புக்கிட் காதிலுக்கு அப்பால் காட்டுக்குப் போய், மரத்திலிருந்து பெத்தாய்க்காய் பறித்து, பிரம்பும் வெட்டிக் கொண்டுவந்து பாசாரில் விற்கிறோம். மூன்று வீட்டிலும் இப்போது உலை கொதிப்பது அதில்தான். அது நடந்த அன்றைக்குக் காலையில் வழியிலிருக்கும் ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது, மலைப்பக்கம் மழை கொட்டியிருக்கிறது, நாங்கள் திரும்பும்போது செம்மண் கலராகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நானும் அஸ்மாவும் எப்படியோ கரையேறிவிட்டோம், பின்னால் வந்த ருக்மணி நடு ஓடையில் சறுக்கி ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள், இன்னொரு கையில் பெத்தாய்க்காய் மூட்டை. அஸ்மா பிரம்புக்கட்டைப் பிரித்து நீளமான ஒன்றை எடுத்து என் கையில் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, “மூட்டைய விட்டுரு ருக்கு, பெரம்பப் புடி” என்று கத்துகிறாள். அவளோ, “புள்ளைங்களுக்கு வேற ஒண்ணும் இல்லையே” என்று அழுகிறாள், விடமாட்டேன் என்கிறாள். வேர் பிய்ந்துகொண்டு வந்த பிறகுதான் மூட்டையை விட்டுப் பிரம்பைப் பிடித்தாள். என் காலை ஒரு மரத்தில் முட்டுக்கொடுத்து இழுத்தேன், உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது, இப்போது ஆறி வருகிறது, நீ பயப்படாதே. கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவள் முதலில் கேட்டது, “ஒங்க மூட்டை இருக்குல்ல அக்கா?” என்றுதான். இருந்ததை அங்கேயே மூன்றாகப் பிரித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் கையைப் பார்த்தார். “இனிமே நீ போக வேணாம்” என்றார், சத்தம் போடவில்லை. நான், “கிடங்கத் தொறக்கட்டும், நின்னுக்கிறேன்” என்றேன். மறுநாளும் நாங்கள் போனோம், மலைமேல் வானம் கருத்தால் எதையும் எடுக்காமல் திரும்பிவிட வேண்டும் என்று மூவரும் பேசி வைத்துக்கொண்டோம். நேற்று அப்பா எங்கள் பின்னாலேயே ஓடை வரைக்கும் வந்தார். காட்டுக்குள்ளே வரவில்லை, நாங்கள் திரும்பும் வரைக்கும் அந்தக் கரையிலேயே மழையில் நின்றார். இன்றைக்கு இருமல், கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டை இல்லாமல் ராத்திரி வேலைக்குப் போகாதே. எல்லா நலமும் பெற்று நல்ல தாதியாகத் திரும்பி வர என் ஆசீர்வாதம். மறக்காமல் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் என்னைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம், அவர் இருமல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள்.

உன் அம்மா
சந்திரமதி